கடைசி ரீலுக்குப் பிறகு அவள் எங்கே போனாள்?

'தாய்க்குலத்தின் பேராதரவுடன்' என்ற வரி தமிழ் சினிமா போஸ்டர்களில் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. படம் நன்றாக ஓடினாலும் ஏறும். ஓடாத படத்தை ஓட வைக்கவும் ஏறும். தாய்க்குலம் ஆதரவு தந்தது சரி. தாய்க்குலம் என்ன சொன்னது? அது எந்தப் போஸ்டரிலும் இல்லை.

பெண்கள் படம் பார்த்தால் அழுவார்கள் என்பது நம் ஊரில் ஒரு முடிந்த முடிவு. எத்தனை கைக்குட்டை நனைந்தது என்பதுதான் அவர்களுடைய விமர்சனம் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். பத்திரிகை விமர்சனம் ஆண்கள் எழுதியது. ரசிகர் மன்றம் ஆண்கள் கூடியது. தியேட்டர் வாசல் டீக்கடையில் நின்று 'செகண்ட் ஹாஃப் இழுவை' என்று தீர்ப்புச் சொன்னதும் ஆண்கள்தான். பெண்கள் தீர்ப்புச் சொன்ன இடங்கள் வேறு: வீடு திரும்பும் வழி, குழாயடி, மாடிப்படி, கல்லூரி விடுதியின் வராந்தா, தையல் மிஷின்களுக்கு நடுவே உள்ள சந்து. அங்கே சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாலும், நாயகி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போவதோடு படம் முடிந்திருந்தால், "சரி, அப்புறம் அவ எங்கடி போயிருப்பா? ராத்திரிக்கு எங்க படுப்பா?" என்று கேட்பார். சின்ன வயதில் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அது கதை கேட்கும் ஆர்வம் இல்லை, விமர்சனம் என்பது பின்னால்தான் புரிந்தது. வெளியே போகும் பெண்ணுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா, கையில் காசு இருக்கிறதா, சோறு யார் போடுவார்கள்: இந்த மூன்றையும் யோசிக்காமல் எடுத்த முடிவை அவர் முடிவாக ஏற்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 1939இலிருந்து அண்மைக் காலம் வரை சில படங்களையும் தொடர்களையும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கருத்துகள் ஒரு பார்வையாளருடையவை. ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மறுக்கலாம், மறுத்தால் நல்லது.

தடுப்புக்கு இந்தப் பக்கம்

டூரிங் டாக்கீஸ் காலத்தில் தரை டிக்கெட் மணலில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு சுவரோ தட்டியோ இருக்கும். டிக்கெட் கொடுக்கும் இடத்திலும் பெண்களுக்குத் தனி வரிசை. அந்தத் தடுப்பு எதற்கு என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு இன்னொரு பலனும் இருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் யார் வீட்டுப் பெண் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் திரையில் நடப்பதைப் பற்றி அவளிடம் வாய்விட்டுப் பேசலாம். வீட்டிலும் கோயிலிலும் கிடைக்காத சுதந்திரம் அது. மாப்பிள்ளை, மாமியார், சொத்து, சந்தேகம் என்று சொந்தக் கதையில் சொல்ல முடியாததையெல்லாம் படத்தின் கதையைச் சாக்கிட்டுப் பேசினார்கள்.

திரைக்குப் பின்னாலும் ஆரம்பத்திலேயே ஒரு பெண் இருந்தார். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி, தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் தானே இயக்கினார். தமிழில் பேசும் படம் வந்து ஐந்தே ஆண்டில் ஒரு பெண் எழுதி இயக்கி நடித்துவிட்டாள். அதற்குப் பிறகு பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ண வேண்டிய நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. பெண்ணின் கதைக்கு முடிவெழுதும் வேலை ஆண்கள் கைக்குப் போனது.

ஜீவனாம்சம் கொடுக்க வந்தவளும் அண்ணன் வீட்டுக்குப் போனவளும்

கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939இல் வந்தது. கல்கியின் கதை. படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே ஆனந்த விகடனில் படத்தின் புகைப்படங்களோடு தொடராகவும் வந்தது. எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரியைக் கணவன் கொடுமைப்படுத்திக் கைவிடுகிறான். அவள் பிறகு சொத்துக்கு வாரிசாகி, உமாராணி என்ற பெயரில் திரும்பி வருகிறாள். பணத்தைப் பார்த்ததும் கணவனுக்கு மனைவி வேண்டும் என்ற நினைப்பு வருகிறது. சேர்ந்து வாழ வேண்டும் என்று நீதிமன்றம் போகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் நான் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்.

இந்தக் காட்சியை 1939இல் பார்த்த பெண்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான இந்துப் பெண்களுக்கு விவாகரத்து என்ற வழியே அப்போது சட்டத்தில் இல்லை. சென்னை மாகாணத்தில் அது 1949இல் வந்தது; நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல். அதற்கு முன்பே திரையில் ஒருத்தி கணவனுக்குக் காசு கொடுத்து விலகி நிற்கத் தயாராக இருந்தாள். என் கணக்கில் தமிழ் சினிமா நாயகிகளில் பெரியம்மாவின் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன முதல் ஆள் இவள்தான். எங்கே போவாய்? சொந்த வீட்டுக்கு. யார் சோறு போடுவார்கள்? என் காசு போடும்.

படம் அந்த இடத்தில் முடியவில்லை. தேச விடுதலைப் போராட்டம் வந்து எல்லாவற்றையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறது. பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்ததும் அந்தத் தேசியத்துக்காகத்தான். வரலாற்றிலும் அது 'தடை செய்யப்பட்ட தேசபக்திப் படம்' என்றே நிலைத்துவிட்டது. நீதிமன்றத்தில் நின்ற சாவித்திரி அந்த அடைமொழிக்குள் காணாமல் போனாள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து 'பராசக்தி' (1952). இதிலும் நீதிமன்றம் உண்டு, அபலைப் பெண் உண்டு. கைம்பெண்ணான கல்யாணி குழந்தையோடு தெருவில் நிற்கிறாள். உதவி கேட்ட ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆண் கை நீட்டுகிறான். பசி தாங்காமல் குழந்தையை ஆற்றில் வீசுகிறாள். ஆனால் நீதிமன்றத்தில் அவளுக்காக முழங்குவது அண்ணன் குணசேகரன். அந்த வசனத்தைத் தமிழ்நாடே மனப்பாடம் செய்தது. கல்யாணி சொன்னது யாருக்காவது மனப்பாடமா? அவள் கடைசியில் எங்கே போகிறாள்? அண்ணன்மார் வீட்டுக்கு.

நீதிமன்ற வசனத்தின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயிலையும் பணத்தையும் பார்த்து அந்தக் கேள்விகளைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் பெண்ணின் பாதுகாப்புக்கு நல்ல அண்ணன் அமைந்தால் போதும் என்ற பதில், பகுத்தறிவு பேசிய படத்துக்குச் சின்னதுதான். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வசனத்தை எழுதிய மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோதுதான், 1989இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. 1989க்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்கு அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பது வேறு கதை. ஆனாலும் அண்ணன் வீட்டுக்குப் போன கல்யாணிக்கு முப்பத்தேழு ஆண்டு கழித்து அந்த வீட்டில் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னது. சினிமா அதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வாசலோடு நின்றுவிட்ட கேமரா

அண்ணன் வீடு எவ்வளவு நிச்சயமானது என்று கேட்டவர் ஜெயகாந்தன். 1966இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வரும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. வாசகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர் அதற்குப் பதிலாக, தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அப்படிப் பிறந்தது. அதில் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துவது யார்? அண்ணன். அடைக்கலம் தரும் மாமா அந்த அடைக்கலத்துக்கு என்ன விலை கேட்கிறார் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1977இல் படமாக வந்தபோது லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படித்து, உத்தியோகத்துக்குப் போய், தலை நிமிர்ந்து நிற்கும் கங்காவைப் பார்க்கும்போது, அவளைக் காப்பாற்றியது சம்பளம்தான் என்பது பார்க்கிற பெண்ணுக்குப் புரிந்துவிடும். ஒரு கதையைப் பற்றிய வெளிப்படையான அபிப்பிராயம் இலக்கியத்தையே அடுத்த கட்டத்துக்குத் தள்ளிய சந்தர்ப்பம் இது.

எழுபதுகளின் நாயகிகள் பலரும் சம்பளக்காரிகள். கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதாவின் சம்பளத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறது. கல்யாணம் கைகூடும் நேரத்தில் அது தங்கைக்குப் போகிறது. கவிதா மறுபடியும் வேலைக்குப் போகிறாள். இந்தப் படத்தை அன்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் தங்கள் கதை என்று கொண்டாடினார்கள். கொண்டாடியது நியாயம். ஆனால் அந்த முடிவைத் தியாகம் என்று கும்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளம் அவளுடையது, செலவழிக்கும் உரிமை வீட்டுக்கு. இதைக் கொடுமை என்று படம் அறிந்திருக்கிறது. ஆனாலும் மாலை போட்டு அதையே பெருமையாக்கிவிடுகிறது.

அதே இயக்குநரின் 'அவர்கள்' (1977) இதைவிட நேர்மையான படம். கொடுமைக்காரக் கணவன், கோழையான காதலன், நல்லவனான நண்பன் என்று மூன்று ஆண்களையும் விட்டுவிட்டு அனு ஊரைவிட்டுக் கிளம்பும்போது, கூடவே வருவது யார்? அவளுடைய மாமியார். மகனின் பக்கம் நிற்காத மாமியாரைத் தமிழ் சினிமா அதற்கு முன்னும் பின்னும் அதிகம் காட்டியதில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு நடத்தலாம் என்ற யோசனையை அந்த ஒரு காட்சி போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போனது. யாரும் அதைப் பொறுக்கி எடுக்கவில்லை.

ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்தது. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், பெண் விடுதலையைப் பற்றி எல்லோரிடமும் கேட்டுத் திரிகிறான். பக்கத்திலேயே இருக்கும் மஞ்சுவைத்தான் அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் அவன் கட்டிக்கொண்டு வரும் பெண்ணிடம் மஞ்சு அதே கேள்வியைக் கேட்கிறாள். அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறிவுஜீவி ஆண்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான படம் தமிழில் வரவில்லை. ஆனால் அந்த மனைவியை ஒரு நகைச்சுவைக்குப் பயன்படுத்திவிட்டு மஞ்சுவை நடுத்தெருவில் இறக்கிவிடும் முடிவு இரண்டு பெண்களுக்கும் அநியாயம் செய்கிறது. 'தெரியாது' என்று சொன்னவளுக்கும் ஒரு கதை இருந்திருக்கும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாசலைத் தாண்டுவது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. பாரதிராஜாவின் 'புதுமைப்பெண்' (1984) சிறைக்குப் போன கணவனை மீட்டுவிட்டு, அவனே சந்தேகப்படும்போது வெளியேறுகிறாள். கைதட்டல் விழுந்தது. கேமரா வாசலோடு நின்றது. மகேஷ் பட்டின் 'அர்த்' படத்தைத் தழுவி பாலு மகேந்திரா எடுத்த 'மறுபடியும்' (1993) வாசலுக்கு அப்பாலும் போனது. திரும்பி வரும் கணவனையும் வேண்டாம் என்கிறாள், கைநீட்டும் நண்பனையும் வேண்டாம் என்கிறாள். சிறைக்குப் போன வேலைக்காரப் பெண்ணின் மகளை வளர்க்கப் போகிறாள். அந்த வேலைக்காரப் பெண்ணின் பக்கத்திலிருந்து அதே கதையை எடுத்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். எஜமானி தன் கணவனை விட்டுவிட முடிந்தது. வேலைக்காரிக்குக் கொலை செய்வதைத் தவிர வழி வைக்கவில்லை கதை.

இந்த வரிசையில் 'மகளிர் மட்டும்' (1994) தனியாக நிற்கிறது. ஹாலிவுட் நகைச்சுவையைத் தழுவிய படம்தான். ஆனாலும் அலுவலகத்தில் மேலதிகாரி செய்யும் பாலியல் தொல்லையைப் பெயர் சொல்லிக் காட்டி, துப்புரவுத் தொழிலாளி உட்பட மூன்று பெண்கள் ஒன்று சேர்ந்து அவனை ஒரு கை பார்க்க வைத்தது. பணியிடத் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தது 1997இல், சட்டம் 2013இல். அதற்கெல்லாம் முன்பே தியேட்டரில் பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்து இதைப் பேசிவிட்டார்கள். அழ வைத்த படங்களைவிட இந்தச் சிரிப்புப் படம் அதிகம் சொல்லிக்கொடுத்தது என்பேன்.

அடுப்படியிலிருந்து கேட்ட சீரியல்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைப் படம் என்று வாரத்துக்கு இரண்டு நாள் தெருவே டிவி இருக்கிற வீட்டில் உட்கார்ந்தது. 1993இல் சன் டிவி வந்தது. 1999இல் 'சித்தி' வந்தபோது இரவு சாப்பாட்டு நேரமே மாறியது. 2006 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பெண்களின் தியேட்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சீரியலைக் கேலி செய்வது எளிது. ஒரே வசனத்தை மூன்று தடவை சொல்கிறார்கள், ஒரு முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், இடி மாதிரி இசை போடுகிறார்கள். ஏன் அப்படி? அந்தப் பெண் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தோசை ஊற்றிக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டு காதால் பார்க்கிறாள். இசை அதிர்ந்தால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். முதல் தடவை சொன்னது தாளிக்கும் சத்தத்தில் கேட்டிருக்காது. அதனால் மறுபடியும் சொல்கிறார்கள். சீரியலின் இலக்கணத்தை எழுதியது வீட்டு வேலை. அதைக் கேலி செய்யும் ஆண்களுக்குக் கையில் தட்டோடு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் வசதி இருந்தது.

'மெட்டி ஒலி' (2002–2005) ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு கடன், எந்த மாமியார் எதற்குக் குத்திக்காட்டினாள் என்று பைசா சுத்தமாகக் காட்டியது. வரதட்சணையைப் பற்றி எத்தனையோ மேடைப்பேச்சு கேட்டிருக்கிறோம். இந்த அளவுக்கு வீட்டுக் கணக்காக யாரும் காட்டியதில்லை. 'கோலங்கள்' (2003–2009) அபி கணவனை விட்டு விலகிக் கட்டுமானத் தொழில் நடத்தினாள். 1,500 எபிசோடுகளுக்கு மேல், அதாவது ஆறு ஆண்டுகள், ஒரு பெண் கணவன் இல்லாமல் தொழில் செய்வதைத் தமிழ்நாட்டு வீடுகள் தினமும் பார்த்தன. சினிமா வாசலில் நிறுத்திய கதையைச் சீரியல் மறுநாள் காலையிலிருந்து தொடங்கியது. அடுத்த நாளும் எபிசோடு வேண்டுமே! வியாபாரக் கட்டாயம்தான். ஆனால் 'அப்புறம் எங்கே போனாள்' என்பதற்கு விவரமாகப் பதில் சொல்ல வைத்தது அந்தக் கட்டாயம்தான்.

குறையும் அங்கேதான். தொடர் ஓட வேண்டும் என்றால் துன்பமும் ஓட வேண்டும். திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' (2022–2024) இதற்கு நல்ல உதாரணம். படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் அடைத்து வைக்கும் ஒரு பெரிய வீடு. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்தக் கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுத்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது வீட்டு ஆள் இறந்ததுபோல் பெண்கள் வருந்தினார்கள். அவர் பேசிய 'இந்தாம்மா' ஊரெல்லாம் பரவியது. தொடரின் உண்மையான பலம் எனக்கு அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்துதான். கிழவியின் கைநாட்டுக்காக ஒரு வீடே அலைகிறது என்பதைக் காட்டியபோது, அதிகாரம் எதில் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் வாரங்கள் போகப் போக மருமகள்களின் கலகம் தள்ளிப்போடப்பட்டது. குணசேகரனின் வசவுகள் மீம் ஆகிச் சிரிக்க வைத்தன. அடக்குமுறை நகைச்சுவையாகிவிட்டால் அதைச் சகித்துக்கொள்ளப் பழகிவிடுவோம். அண்ணன் குணசேகரன் தங்கைக்காக வாதாடியதிலிருந்து எழுபது ஆண்டு. திரையில் இன்னும் குணசேகரன்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

2020இல் தொடங்கிய 'பாக்கியலட்சுமி' வங்காளத் தொடரின் தழுவல். படிப்பு முடிக்காத பாக்கியா தனக்குத் தெரிந்த சமையலை வைத்தே தொழில் தொடங்குகிறாள். ஏமாற்றிய கணவனை விவாகரத்து செய்கிறாள். இதைப் பார்த்து மசாலாப் பொடி பாக்கெட் போடலாமா என்று யோசித்த பெண்கள் உண்டு. எனக்குள்ள வருத்தம் ஒன்று: விவாகரத்துக்குப் பிறகும் மாமனார் மாமியாருக்கு வடித்துக் கொட்டுவது அவள்தான். மகன் விட்டுவிட்டுப் போன கடமையை முன்னாள் மருமகள் சுமப்பதைத் தொடர் பெருந்தன்மை என்கிறது. கூலி இல்லாத வேலைக்கு அதுவும் ஒரு பெயர்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தத் தொடர்களின் நாயகிகள் எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகளில் வாழ்கிறார்கள்: பெரிய கூடம், மாடிப்படி, பூஜை அறை. அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கும் பெண் காப்பித் தட்டோடு வந்து போகிறாள். அவளும் அன்று இரவு தன் வீட்டில் இதே தொடரைத்தான் பார்க்கிறாள். தன்னை ஒருநாளும் கூடத்தில் உட்கார வைக்காத ஒரு கதையை ஆறு ஆண்டு பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

இப்போது வருபவை

மலையாளத்தில் ஜியோ பேபி எடுத்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) தமிழ்ப் பெண்களும் பரவலாகப் பார்த்த படம். 2023இல் தமிழிலும் எடுத்தார்கள். அதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடைத்துக்கொண்ட சிங்க், ஒழுகும் அழுக்குத் தண்ணீர், மேசையில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை. தினமும் செய்கிற வேலையை வெட்டாமல் காட்டினார்கள், அவ்வளவுதான். 'இதையெல்லாம் ஒரு படமா எடுப்பாங்களா' என்று கேட்ட ஆண்கள் இருந்தார்கள். இருபது நிமிடம் பார்க்கச் சலிப்பாக இருக்கும் வேலையை இருபது வருடம் செய்வது எப்படி இருக்கும் என்று அவர்கள் யோசித்திருந்தால் படம் வென்றது. முடிவில் கணவனுக்கு அடுத்த மனைவி வந்துவிடுகிறாள். அதே எச்சில் டம்ளர். ஒருத்தி வெளியேறினால் வீடு மாறாது என்று சொன்ன அந்தக் கடைசிக் காட்சிக்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

முத்துக்குமார் இயக்கிய 'அயலி' (2023) இணையத் தொடர், எட்டு எபிசோடு. பூப்பெய்தினால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில், தமிழ்ச்செல்வி தான் பூப்பெய்தியதையே மறைத்துப் படிக்கிறாள். தெய்வத்தின் பெயரால் சொன்ன கட்டுப்பாடு யாருக்கு வசதியானது என்று ஒரு பள்ளிச் சிறுமி கண்டுபிடிப்பதைப் பிரசங்கம் இல்லாமல் சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்தது அம்மா குருவம்மாள். பயந்தவள், பிறகு மகளுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்பவள். அம்மாக்கள் மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை. அதைப் பொறுமையாகக் காட்டினார்கள்.

'ஜெ. பேபி' (2024) படத்தில் ஊர்வசி நடித்த பேபியம்மா, தமிழ் சினிமா கும்பிட்டுக் கும்பிட்டு மரத்துப்போக வைத்த தாய் இல்லை. கோபக்காரி, பொய் சொல்வாள், மனம் பிறழ்ந்து எங்கோ கிளம்பிக் கல்கத்தாவரை போய்விடுவாள். அடித்தட்டுக் குடும்பத்தில் ஒரு தாய் மூப்படைந்து மனம் கலங்கினால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை இத்தனை சிரிப்போடும் வலியோடும் கேட்ட படம் வேறு எனக்கு நினைவில்லை. 'எங்கே போனாள்' என்பதை உண்மையாகவே தேடிக்கொண்டு இரண்டு மகன்கள் ரயிலேறும் படம்.

அதே ஆண்டு பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வேறு சாதிப் பையனைக் காதலித்ததற்காக மீனாவுக்குப் 'பேய் ஓட்ட' ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போகிறார்கள். அவள் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. பின்னணி இசையும் இல்லை. வழியை மறித்து நிற்கும் காளையை ஆண்கள் கூடி நின்று விரட்ட முடியாமல் திணற, ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிப் போகும் காட்சி என்றைக்கும் நிற்கும். ஆனாலும் முடிவைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பூசாரி முன்னால் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான்; அடுத்து என்ன செய்வான் என்பதைப் பார்வையாளருக்கு விடுகிறார்கள். கேள்வி பாண்டியின் மனத்தில் போய் நிற்கிறது. இவ்வளவு நேரம் மௌனத்தால் எதிர்த்து உட்கார்ந்திருந்தவள் மீனா. கடைசித் தீர்மானம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அவளிடம் வந்திருக்கலாம்.

வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' 2025 செப்டம்பரில் திரைக்கு வந்தது. ரோட்டர்டாம் விழாவில் நெட்பேக் விருது பெற்ற படம். ஜனவரியில் டீசர் வந்ததுமே, படத்தைப் பார்க்காதவர்கள் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு பெண் பள்ளிப் பருவத்திலிருந்து முப்பதுகள் வரை காதலித்து, தோற்று, மறுபடியும் காதலிக்கிறாள். படம் அவளைத் தண்டிக்கவில்லை. அறுபது எழுபது ஆண்டுகளாக இதே செயல்களுக்காக நாயகிகளைக் கொன்றும் பைத்தியமாக்கியும் பார்த்த தமிழ் சினிமாவில் இது பெரிய விஷயம். அம்மாவும் பாட்டியும் மகளும் ஒருவரையொருவர் எப்படிக் கட்டிப்போடுகிறார்கள் என்பதைக் காட்டிய இடங்கள் நன்றாக இருக்கின்றன. கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தவறு செய்ய, விழ, எழ அவளுக்கு இடம் கொடுத்ததில் அவள் பிறந்த சாதிக்கும் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. கொட்டுக்காளி மீனா ஒரே ஒருமுறை காதலித்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தமிழ்நாட்டில் 'கெட்ட பெண்' என்பதன் முழுப் படம் கிடைக்கும்.

எண்ணியது போதும், எழுதலாம்

டிக்கெட் எண்ணினார்கள், போஸ்டரில் தாய்க்குலம் என்று போட்டார்கள். பிறகு டிஆர்பி வந்தது. மீட்டர் வைத்த வீட்டில் ஆளுக்கொரு பட்டன். அம்மா உட்கார்ந்தால் அம்மாவின் பட்டனை அழுத்த வேண்டும். அவள் அந்தத் தொடரைத் திட்டிக்கொண்டே பார்த்தாலும் கணக்கில் ஒரு பார்வையாளர்தான். இப்போது இணையத்தில் எத்தனை லட்சம் பார்வை என்ற எண். மூன்று காலத்திலும் பெண்ணின் இருப்பை எண்ணினார்கள். அவள் கருத்தைக் கேட்கவில்லை. தயாரிப்பாளரிடம் கேட்டால் 'பெண்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்' என்பார். அந்தப் பொய்யை உடைக்க நம்மிடம் எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அறுபது வயது தாண்டிய பெண்கள் நாலு பேரிடம் போய் உட்காருங்கள். பிடித்த நடிகர் யார் என்று கேட்காதீர்கள். அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எந்தப் படத்தின் முடிவு உங்களுக்கு ஒப்பவில்லை, ஏன்? நீங்களாக இருந்தால் எப்படி முடித்திருப்பீர்கள்? யாருக்கும் தெரியாமல் பார்த்த படம் எது, காசு எங்கிருந்து வந்தது? இந்த மூன்றையும் கேட்டு, அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதில் வீட்டு வேலை செய்யும் அக்காவும் இருக்கட்டும், ஆலையில் ஓய்வு பெற்ற அம்மாவும் இருக்கட்டும், வேறு தெருவில் வாழ்கிற பாட்டியும் இருக்கட்டும். ஒரே மாதிரி வீட்டைச் சீரியலில் பார்த்தது போதும்.

எழுதியதைக் கொண்டுவந்து ஓரிடத்தில் வைத்தால், தமிழ் சினிமாவின் இன்னொரு வரலாறு அதில் கிடைக்கும். அதில் கதாநாயகனின் அறிமுகக் காட்சி இருக்காது. ராத்திரிக்கு எங்கே படுப்பாள், கையில் எவ்வளவு இருந்தது, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்ற விவரங்கள் இருக்கும். அடுத்த படத்துக்குக் கதை எழுதப் போகிறவர்களுக்கு அவை பயன்படும். அந்தக் கதையை எழுதப் போவது உங்களில் ஒருத்தியாக இருந்தால் இன்னும் நல்லது.